சத்தம் நின்ற பிறகு

அலாஸ்காவுக்குப் போனது துருவ ஒளியைப் பார்க்க. தங்கிய இரண்டு இரவும் மேகமூட்டம். பச்சையாக ஒரு கீற்றுகூடக் கண்ணில் படவில்லை. ஆனால், என் ஒலிப்பதிவுக் கருவியில் பதினோரு நிமிடச் சத்தம் ஒன்று இருக்கிறது. செலவழித்த காசுக்கு அது போதும்.

ஃபேர்பேங்ஸ் நகரில் இறங்கியதும் என் கண்ணில் பட்டது, ஒவ்வொரு காரின் மூக்கிலிருந்தும் தொங்கிய மின்சார பிளக். கார் நிறுத்துமிடங்களில் வரிசையாக மின் இணைப்புகள். "எல்லாமே மின்சாரக் கார்களா?" என்று வழிகாட்டியிடம் கேட்டேன். அவர் சிரித்தார். இன்ஜினைச் சூடாக வைத்திருக்க உள்ளே ஒரு ஹீட்டர் இருக்கிறதாம். இரவில் அதற்கு மின்சாரம் கொடுக்காவிட்டால், காலையில் எண்ணெய் தார் மாதிரி கெட்டியாகிவிடும்.

அங்கிருந்து வேனில் வடக்கே கிளம்பினோம். டால்டன் நெடுஞ்சாலை 666 கிலோமீட்டர் நீளம். ஆர்க்டிக் கடலோர எண்ணெய் வயல்களுக்குச் சாமான் கொண்டுபோக 1974இல் போட்ட சாலை. முழு நீளத்துக்கும் பொதுமக்களை விட்டது 1994இல்தான். எண்ணெய்க் குழாய் பெரும்பாலும் பக்கத்திலேயே கூட வருகிறது. எதிரே வருபவை எல்லாம் லோரிகள். வழியில் பிராஸ்பெக்ட் கிரீக் என்ற இடத்தைத் தாண்டினோம். 1971 ஜனவரி 23ஆம் தேதி அங்கே மைனஸ் 62 டிகிரி பதிவானது. அமெரிக்காவில் அதைவிடக் குளிர்ந்த நாள் இன்றுவரை பதிவாகவில்லை. கம்போங் ராஜாவில் 16 டிகிரிக்கே இரண்டு ஸ்வெட்டர் போட்டு வளர்ந்தவள் நான்.

நாங்கள் தங்கிய ஊர் கோல்ட்ஃபுட். ஊர் என்றால் ஒரு சாப்பாட்டுக் கடை, ஒரு பெட்ரோல் பம்பு, தங்குவதற்குச் சில அறைகள், அவ்வளவுதான். 1981இல் ஒருவர் பழைய பள்ளிப் பேருந்தில் பர்கர் விற்க ஆரம்பித்த இடம் அது. பிறகு லோரி ஓட்டுநர்களே கை கொடுத்துக் கடையைக் கட்டினார்களாம். கைத்தொலைபேசிக்குச் சிக்னல் கிடையாது.

முதல் இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. வெளியே ஏழெட்டு லோரிகள் நின்றன. ஒன்றையும் அணைக்கவில்லை. விடிய விடிய சுருதிப்பெட்டி போல ஒரே ரீங்காரம். அணைத்தால் திரும்பக் கிளம்புமா என்பது நிச்சயமில்லை. டீசலில் உள்ள மெழுகு குளிரில் உறைந்து வடிகட்டியை அடைத்துவிடும்.

காலை மைனஸ் 36. பேட்டரி செத்துவிடாமல் இருக்க ஒலிப்பதிவுக் கருவியைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வெளியே போனேன். ஊடகப் படிப்பில் பின்னணி இரைச்சலை எப்படி அகற்றுவது என்று ஒரு பருவம் முழுக்கப் படித்தோம். இங்கே இரைச்சலைத் தவிர வேறெதுவும் இல்லை. அதனால் அதையே பதிவு செய்தேன்.

கடைசியில் நின்ற லோரியின் ரீங்காரத்துக்குள் வேறொன்று கேட்டது. டக், டக், டக்.

குளிரில் டீசல் இன்ஜின் தட்டுவது புதிதல்ல. அதில் தீப்பொறி கிடையாது. காற்றை இறுக்க இறுக்கச் சூடேறும், அந்தச் சூட்டில் டீசல் தானாகப் பற்றிக்கொள்ளும். இரும்பு குளிர்ந்திருந்தால் அந்தச் சூட்டை அது உறிஞ்சிவிடும். டீசல் பற்றத் தாமதமாகும், உள்ளே சேர்ந்துகொள்ளும், பிறகு எல்லாம் ஒரே நேரத்தில் குபீரென்று எரியும். அதுதான் அந்தத் தட்டல். கூடவே வெள்ளைப் புகை. இன்ஜின் சூடானதும் இரண்டும் போய்விடும்.

இதெல்லாம் எனக்குத் தெரிந்தது அப்பாவால். இருபது வருடங்களுக்கு மேல் கேமரன் மலையிலிருந்து கோலாலம்பூருக்குக் காய்கறி லோரி ஓட்டியவர். "சூடானா போற சத்தம் குளிரோட சத்தம்மா. சூடானப்புறமும் நிக்கிற சத்தம் நம்ம காசோட சத்தம்" என்பார்.

அந்த லோரியின் ஓட்டுநர் முன்மூடியை முன்பக்கம் சாய்த்துத் திறந்து வைத்திருந்தார். ஐம்பது வயதிருக்கும். தாடியில் பனி. எண்ணெய் வயலுக்கு இரும்புக் குழாய்கள் ஏற்றிப் போகிறவர். நாற்பது நிமிடமாகச் சூடேற்றியும் சத்தம் போகவில்லை என்றார். நீளமான திருப்புளி ஒன்றின் நுனியை இன்ஜினில் வைத்து, பிடியைக் காதுக்குப் பின்னால் எலும்பில் அழுத்திக்கொண்டு, ஒவ்வோர் இடமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். கனெக்டிங் ராடின் பேரிங் போயிருந்தால் சூடேறி எண்ணெய் இளகியதும் சத்தம் இன்னும் கனக்கும். ராடு உடைந்தால் இன்ஜின் முடிந்தது.

என் கையிலிருந்த மைக்கைப் பார்த்து அருகில் வரச் சொன்னார். ஹெட்போனை மாட்டிக்கொண்டு நின்றேன்.

மூன்று நிமிடம் இருக்கும். எங்கோ அடியில் 'புஸ்' என்று காற்று வெளியேறியது. தட்டல் நின்றுவிட்டது.

அவர் ஒன்றும் பேசாமல் மேலே ஏறி பிரேக்கைப் பலமுறை மிதித்தார். காற்றழுத்தம் இறங்கியது. தட்டல் திரும்ப வந்தது. சில நிமிடம் கழித்து மறுபடியும் 'புஸ்'. மறுபடியும் அமைதி.

"அந்தக் காற்றுச் சத்தத்தோடு தட்டல் நிற்கிறது" என்றேன். ஒலிபரப்பில் தவறு கண்டுபிடித்த பெருமிதம் எனக்கு. அவர் தலையசைத்தார். அவருக்கு இரண்டாவது முறையே தெரிந்துவிட்டதாம். இன்னொரு காதும் அதையே சொல்கிறதா என்று பார்த்தாராம்.

விஷயம் இதுதான். தட்டியது இன்ஜின் இல்லை. இன்ஜினோடு பல்சக்கரத்தில் பிணைந்து சுழலும் ஏர் கம்ப்ரசர், பிரேக்குக்குக் காற்றடிக்கும் கருவி. தொட்டியில் காற்று நிறைந்ததும் அது சும்மா சுழலும், உபரி அழுத்தம் 'புஸ்' என்று வெளியேறும். சுமை இல்லாததால் தேய்ந்த பேரிங் தட்டுவதில்லை. அழுத்தம் குறைந்ததும் திரும்பக் காற்றடிக்கும், தட்டும்.

"அப்படியென்றால் இன்ஜின் நன்றாக இருக்கிறது!" என்றேன். அவர் முகத்தில் சிரிப்பு வரவில்லை.

கனரக லோரியின் பிரேக்கைக் காற்றுதான் தள்ளுகிறது. நிறுத்திவைக்கும் பிரேக்கில் பெரிய ஸ்பிரிங் இருக்கிறது. அதைப் பிடித்து விலக்கி வைத்திருப்பதும் காற்றுதான். கம்ப்ரசர் செத்துத் தொட்டி காலியானால் ஸ்பிரிங் பூட்டிக்கொள்ளும், லோரி நின்ற இடத்தில் நின்றுவிடும். அதற்கு முன்னால் இறக்கத்தில் பிரேக் பலமிழந்தால் என்ன ஆகும் என்று அவர் சொல்லவில்லை. வடக்கே கையை மட்டும் நீட்டினார். அங்கே 1,444 மீட்டர் உயர அடிகன் கணவாய். கோல்ட்ஃபுட்டை விட்டால் அடுத்த பெட்ரோல் பம்பு 386 கிலோமீட்டரில்.

அந்த கம்ப்ரசர் இன்னும் ஆயிரம் கிலோமீட்டர் ஓடலாம், அடுத்த மேட்டில் நிற்கலாம். அதைச் சொல்ல எந்தக் காதுக்கும் முடியாது.

கடைக்குள் போய் அங்கிருந்த தொலைபேசியில் அழைத்தார். மறுமுனைக் குரல் எனக்கே கேட்டது. சரக்கு இன்றைக்கே போய்ச் சேர வேண்டும் என்பது போல ஏதோ. அவர் மூன்று முறை "முடியாது" என்றார். குரலை உயர்த்தவில்லை. பிறகு காபி வாங்கிக்கொண்டு உட்கார்ந்தார். ஃபேர்பேங்ஸிலிருந்து உதிரிப்பாகம் வர வேண்டும்.

'கோல்ட்ஃபுட்' என்றால் குளிர்ந்த கால். 1900 வாக்கில் தங்கம் தேடி வந்த கூட்டம் ஒன்று இந்த இடத்தோடு தைரியம் இழந்து திரும்பிப் போனதால் அந்தப் பெயராம். கால் குளிர்ந்துவிட்டது என்றால் ஆங்கிலத்தில் பயந்து பின்வாங்குவது. கடைச் சுவரில் அதைப் படித்தபோது பக்கத்து மேசையில் அவர் முட்டை சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

எனக்கு ஏழு வயதிருக்கும்போது அப்பாவின் லோரியில் இப்படி ஒரு தட்டல் வந்தது. சூடானப்புறமும் போகாத தட்டல். "முதல்ல காயைக் கொண்டு போய்ச் சேரு" என்றார் முதலாளி. அப்பா கிளம்பினார். தாப்பா இறக்கத்தில் ராடு உடைந்து இன்ஜினைத் துளைத்துக்கொண்டு வெளியே வந்தது. லோரி பாறையில் சாய்ந்து நின்றதால் அப்பா பிழைத்தார். இன்ஜின் செலவை எட்டு மாதம் சம்பளத்தில் பிடித்தார்கள். அந்த எட்டு மாதமும் வீட்டில் இரவுச் சாப்பாடு பெரும்பாலும் விற்காத முட்டைக்கோஸ்தான்.

திரும்பி வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை கம்போங் ராஜா வீட்டுக்குப் போனேன். எதுவும் சொல்லாமல் ஹெட்போனை அப்பா காதில் மாட்டிவிட்டேன். கண்ணை மூடிக் கேட்டார். முதல் 'புஸ்' வந்ததுமே, "காத்து கம்ப்ரசர்மா. பேரிங் போயிருச்சு" என்றார்.

"ஆமாப்பா."

"இவன் அப்புறம் கிளம்பினானா?"

"இல்லப்பா. நாங்க வர்றப்பவும் அங்கயேதான் நின்னுக்கிட்டிருந்தாரு."

அப்பா ஹெட்போனைக் கழற்றவில்லை. சத்தத்தைக் கொஞ்சம் கூட்டச் சொல்லி விரலைக் காட்டிவிட்டு, மறுபடி முதலிலிருந்து கேட்க ஆரம்பித்தார்.