மனம் நோயுறும்போது யாரிடம் செல்வது?



ஹாஃபிழ், ஆலிம், முஃப்தி ஆகிய மூவரையும் நம் மக்கள் "ஹஜ்ரத்" என்றே அழைக்கின்றனர். ஆயினும் தலாக் குறித்த சட்டத்தைக் கேட்பதற்கு இளம் ஹாஃபிழிடம் எவரும் செல்வதில்லை, முஃப்தியைத் தேடுகின்றனர். மார்க்க விஷயத்தில் இத்துணை தெளிவுடைய நம் சமுதாயத்திற்கு, மனநலம் என்று வந்துவிட்டால் சைக்கியாட்ரிஸ்ட், சைக்காலஜிஸ்ட், தெரபிஸ்ட் என்னும் சொற்கள் யாவும் ஒன்றாகவே ஒலிக்கின்றன. ஆகவே இவற்றின் வேறுபாட்டை இங்கு சுருக்கமாகக் காண்போம்.

சைக்கியாட்ரிஸ்ட் என்பவர் மனநல மருத்துவர். எம்.பி.பி.எஸ். முடித்து, அதன்பின் மனநல மருத்துவத்தில் மேற்படிப்பு பெற்றவர். நோயைக் கண்டறிந்து மருந்து எழுதித் தருபவர் இவரே.

சைக்காலஜிஸ்ட் என்பவர் உளவியல் பயின்றவர்; மருந்து எழுதுவது இவர் பணியன்று. இவர்களுள் நோயாளிகளுக்குச் சிகிச்சையளிக்கத் தனிப்பயிற்சி பெற்றவர் கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட். 1992ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் இயங்கும் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் இவர் பதிவு பெற்றிருக்க வேண்டும்.

தெரபிஸ்ட் என்பதோ செய்யும் பணியைக் குறிக்கும் சொல். பேச்சின் வழியாகவும் பயிற்சியின் வழியாகவும் சிகிச்சையளிப்பவரை அவ்வாறு அழைப்பர். அவர் சைக்காலஜிஸ்டாக இருக்கலாம். மனநலத் துறையில் பயிற்சி பெற்ற சமூகப் பணியாளராக இருக்கலாம். சில வாரப் பயிற்சியோடு பெயர்ப்பலகை மாட்டியவராகவும் இருக்கலாம். அச்சொல்லை மட்டும் கொண்டு அவர் என்ன பயின்றார் என்பதை அறிய இயலாது. எனவே கல்வித் தகுதியையும் பதிவு எண்ணையும் கேட்பதில் கூச்சம் வேண்டாம்.

இவ்வேறுபாடு எத்துணை முக்கியமானது என்பதை நமது மத்ரஸாவின் ஹிஃப்ழு மாணவர் ஒருவரிடம் கண்டோம். வயது பதினைந்து. உளூச் செய்யச் சென்றால் அரைமணி நேரம் திரும்பமாட்டார். கைகளின் தோல் வெடித்திருந்தது. ஜமாஅத்துத் தொழுகை தவறியது. மனனம் செய்த ஜுஸ்உகளும் நழுவத் தொடங்கின. "ஹஜ்ரத், பிள்ளைக்கு ஓதிப் பாருங்க" என்று தாயார் அழுதார். ஓதினோம், துஆச் செய்தோம். அத்துடன் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுமாறும் கூறினோம்.

மனநல மருத்துவர் அதனை ஓ.சி.டி. எனக் கண்டறிந்து மருந்து தந்தார். பின்னர் கிளினிக்கல் சைக்காலஜிஸ்டிடம் அனுப்பினார். கழுவியபின் எழும் சந்தேகத்தைத் தாங்கிக்கொண்டு, மீண்டும் குழாயடிக்குச் செல்லாமல் அமர்ந்திருப்பதே அவர் அளித்த பயிற்சி. தொடக்கத்தில் சில நிமிடங்கள்; பின்னர் சிறிது சிறிதாகக் கூடுதல் நேரம். அவர் ஒருநாள் நம்மைத் தொலைபேசியில் அழைத்து, "உங்கள் சட்டப்படி எத்தனை முறை கழுவ வேண்டும்?" என்று கேட்டார். ஒருமுறை கடமை, மும்முறை சுன்னத், அதற்குமேல் வெறுக்கத்தக்கது என்றோம். உறுதியான ஒன்று வெறும் சந்தேகத்தால் நீங்காது என்னும் ஃபிக்ஹு விதியையும் எடுத்துரைத்தோம். அன்றுமுதல் அச்சட்டமே பயிற்சியின் எல்லையாயிற்று. மருந்தும் பயிற்சியும் மார்க்கச் சட்டமும் அவரவர் இடத்தில் நின்று உதவின. பல மாதங்களுக்குப் பின், அல்ஹம்துலில்லாஹ், அவர் மீண்டும் முதல் ஸஃப்பில் நிற்கிறார்.

இது நமக்குப் புதிய வழியன்று. 9ஆம் நூற்றாண்டில் பிறந்த அபூ ஸைத் அல்-பல்கி, உடல்நலத்தையும் மனநலத்தையும் ஒரே நூலில் இணைத்து எழுதினார். வஸ்வாஸுக்கென அதில் தனி அத்தியாயமே உண்டு. துயருற்றோரின் உள்ளத்திற்கு ஆறுதலாகத் தல்பீனா என்னும் வாற்கோதுமைக் கஞ்சியை நபி (ஸல்) அவர்கள் பரிந்துரைத்ததை ஹதீஸ் நூல்களில் காண்கிறோம்.

சிகிச்சையை மறுப்பதன் விலையையும் நாம் அறிவோம். 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் ஒரு மனநலக் காப்பகம் தீப்பற்றியபோது, சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த 28 பேர் உயிரிழந்தனர். மனநோயாளியைச் சங்கிலியால் கட்டுவதை 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் தடைசெய்கிறது. நோயாளியின் செய்தி இரகசியமாகக் காக்கப்படுவதையும் அதே சட்டம் உரிமையாக்குகிறது. "மஹல்லாவுக்குத் தெரிந்துவிடுமே, பெண்ணுக்கு வரன் அமையாதே" என்று அஞ்சும் பெற்றோர் இதனை நினைவில் கொள்க. நம்மிடம் சொல்லப்பட்டதும் அமானிதமே. அதனைப் பிறரிடம் கூறுவது புறமாகும்.

உறக்கமின்மை, உணவில் வெறுப்பு, தற்கொலை எண்ணம், இல்லாத குரல் கேட்டல் ஆகியவை தென்பட்டால் முதலில் மனநல மருத்துவரிடம் செல்லுங்கள். துக்கம், அச்சம், குடும்பப் பிணக்கு ஆகியவற்றால் வாடுவோர் தகுதியுடைய சைக்காலஜிஸ்டை நாடலாம். எவரிடம் செல்வதெனத் தெரியாதோர், மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி-மானஸ் சேவையை 14416 என்னும் எண்ணில் இரவு பகல் எந்நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம்.

துஆவைக் கைவிடாதீர்கள், மருந்தையும் கைவிடாதீர்கள். நிவாரணம் அளிப்பவன் அல்லாஹ் ஒருவனே. நோயுற்ற உள்ளங்கள் அனைத்திற்கும் அவன் ஷிஃபாவை வழங்குவானாக. ஆமீன்.