பதினேழு அங்குல ஆசை

அம்பாசடர் டாக்சி எதிரே வந்தால் எல்லோரும் அதன் உருண்டைக் கூரையைப் பார்ப்பார்கள். நான் சக்கரத்தைப் பார்ப்பேன். இன்சூரன்ஸ் கம்பெனிகளுக்காக அடிபட்ட வண்டிகளைப் பரிசோதித்து நஷ்டம் மதிப்பிடும் சர்வேயராகக் கல்கத்தாவில் ஆயுசைக் கழித்தவன் நான். வீடு பவானிபூரில். டயரின் பக்கவாட்டில் என்ன அச்சடித்திருக்கிறது என்று படிக்காமல் ஒரு வண்டியைத் தாண்டிப் போக இன்னும் மனசு வருவதில்லை.

அம்பாசடருக்கு 15 அங்குல இரும்பு ரிம். அதன்மேல் 5.90-15 டயர். ரப்பரின் அகலம் ஆறு அங்குலத்துக்குச் சற்றுக் குறைவு. ரிம்முக்கும் தரைக்கும் நடுவே நிற்கும் பக்கச்சுவரும் கிட்டத்தட்ட அதே உயரம். இன்றைய பிள்ளைகள் கண்ணுக்கு அது ஒல்லியாகவும் வயசானதாகவும் தெரியும். ஆனால் 1957 முதல் 2014 மே மாதம் வரை உத்தர்பாராவில் தயாரான அந்த வண்டியை இந்த ஊர் சாலைகளில் காப்பாற்றியதில் அந்த உயரத்துக்குப் பெரிய பங்கு உண்டு.

காரணம் சொல்கிறேன். 1972 டிசம்பரில் இந்திரா காந்தி அடிக்கல் நாட்டிய பிறகு, மெட்ரோவுக்காக நகரத்தின் நடு முதுகையே வெட்டினார்கள். சாலையை மேலிருந்து தோண்டி, சுரங்கப் பெட்டியைக் கட்டி, மறுபடி மூடும் முறை அது. எங்கள் ஆசுதோஷ் முகர்ஜி சாலையும் தப்பவில்லை. 1984 அக்டோபர் 24-ஆம் தேதி எஸ்பிளனேடிலிருந்து பவானிபூர் வரை நாட்டின் முதல் மெட்ரோ ரயில் ஓடியது. அன்றைய பவானிபூர் நிலையத்துக்குத்தான் இன்று நேதாஜி பவன் என்று பெயர். அதுவரை பள்ளமும் சேறும் டிராம் தண்டவாளமுமாகக் கிடந்த தெருக்களில் டாக்சி ஓட்டியவர்களில் நிறையப் பேர் பஞ்சாபி சர்தார்கள். ஹரிஷ் முகர்ஜி சாலை குருத்வாராவைச் சுற்றித்தான் அவர்கள் குடியிருப்பு. டயரில் எவ்வளவு காற்று, எத்தனை ஆள், எவ்வளவு சாமான் என்பதை அவர்கள் கணக்குப் பார்த்தது போல இன்று சொந்தக் கார் வைத்திருப்பவர்கள் பார்ப்பதில்லை. குழியில் விழும்போது முதலில் வளைந்து கொடுப்பது டயர். அதற்குப் பிறகுதான் ஸ்பிரிங்குக்கு வேலை என்பது அவர்களுக்குக் கை அனுபவம்.

இதையெல்லாம் எழுத வைத்தவன் எங்கள் மேல்மாடி வங்காளிப் பையன். என்னை ஜேட்டு, அதாவது பெரியப்பா, என்று கூப்பிடுவான். செக்டர் ஃபைவ் ஐ.டி. பேட்டையில் வேலை கிடைத்து, பழைய டிசையர் கார் ஒன்று வாங்கியிருக்கிறான். 185/65 ஆர் 15 டயர். அதைக் கழற்றிவிட்டு 17 அங்குல அலாய் வீல் போட வேண்டும் என்று கைப்பேசியில் படத்தைக் காட்டினான். நான் அவனிடம் வேண்டாமென்று சொல்ல வேண்டும் என்பது அவன் அப்பாவின் ஆசை. எனக்கு அப்படிச் சொல்ல வாய் வரவில்லை.

ஏனென்றால் அந்த அழகு நிஜம். சக்கரம் பெரிதானால் வண்டி தரையை அழுத்தி நிற்பது போலத் தெரிகிறது. மட்கார்டு வளைவுக்கும் டயருக்கும் இடையே கறுப்பாகத் தெரியும் வெற்றிடம் குறைந்தால் உடம்பு இறுக்கமாகிறது. கார் வடிவமைப்பாளர்களும் முதல் படத்தில் சக்கரத்தைப் பெரிதாக, டயரை மெல்லிய கோடாகத்தான் வரைகிறார்கள். தலைகீழாகச் செய்து ஜெயித்தவர்களும் உண்டு. 1959-இல் அலெக் இஸிகோனிஸ் மினி காருக்கு 10 அங்குலச் சக்கரம் போட்டார். சக்கரம் விழுங்கும் இடத்தை மனிதர்களுக்குக் கொடுக்க வேண்டும் என்பதற்காக. 1983 டிசம்பரில் வந்த நம் மாருதி 800-க்கு 12 அங்குலம். இரண்டையும் ஜனங்கள் அழகு என்றுதான் கொண்டாடினார்கள். விசுவகர்மா பூஜையன்று இங்கே டாக்சிக்காரர்கள் வண்டியைக் கழுவி மாலை போடுவதைப் பார்க்க வேண்டும், நம்மூர் ஆயுத பூஜை தோற்றுவிடும். வண்டியை அழகு பார்க்க ஆசைப்படுகிறவனை நான் ஏன் அடக்க வேண்டும்?

ஆகவே ஒரு தாளை எடுத்துக் கணக்குப் போட்டுக் காட்டினேன். 185 என்பது மில்லிமீட்டரில் டயரின் அகலம். 65 என்பது அந்த அகலத்தில் நூற்றுக்கு 65 பங்கு பக்கச்சுவரின் உயரம் என்பது. அதாவது 120 மில்லிமீட்டர். 15 அங்குல ரிம் 381 மில்லிமீட்டர். மேலும் கீழும் ஒரு பக்கச்சுவர் சேர்த்தால் சக்கரத்தின் மொத்த விட்டம் 621 மில்லிமீட்டர். இந்த 621-தான் வண்டியின் கியர், வேகமானி, ஓடிய தூரத்தைக் காட்டும் மீட்டர், பிரேக் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏபிஎஸ் எல்லாம் நம்பியிருக்கிற எண். ரிம்மைப் பெரிதாக்கினால் பக்கச்சுவரைக் குறைத்து இந்த எண்ணைக் காப்பாற்ற வேண்டும். 195/55 ஆர் 16 போட்டால் பக்கச்சுவர் 107, மொத்தம் மறுபடி 621. அவன் ஆசைப்பட்ட 205/45 ஆர் 17-க்குப் பக்கச்சுவர் 92, மொத்தம் 616. இரண்டுமே ஏற்கக்கூடிய வித்தியாசம். மாறாக, ரிம்மை அப்படியே வைத்துக்கொண்டு கடைக்காரர் பேச்சைக் கேட்டு 205/65 ஆர் 15 போட்டால் மொத்தம் 647 ஆகிவிடும். மீட்டர் 80 காட்டும்போது வண்டி 83-க்கு மேல் போய்க்கொண்டிருக்கும். ஸ்டியரிங்கை முழுக்கத் திருப்பினால் மட்கார்டின் உள்பக்கம் உரசும். நாலு பேர் ஏறியபிறகு வேகத்தடையில் இறங்கினால் மேலேயும் இடிக்கும்.

பையன் முகம் மலர்ந்தது. அப்படியானால் 17 அங்குலம் சரிதானே ஜேட்டு என்றான். வெளிச்சுற்று சரிதான். உள்ளே என்ன போயிற்று என்று பார் என்றேன். 120 இருந்த பக்கச்சுவர் 92 ஆகிவிட்டது. காற்று மெத்தையில் 28 மில்லிமீட்டர் காணாமல் போயிருக்கிறது. அந்தக் காற்றுதான் வண்டியைச் சுமப்பது. டயரின் பக்கவாட்டில் அளவை அடுத்து இன்னொரு எண் இருக்கும். அதை யாரும் படிப்பதில்லை. 185/65 ஆர் 15-இல் பெரும்பாலும் 88 என்று இருக்கும். ஒரு டயர் 560 கிலோ தாங்கும் என்று அர்த்தம். 205/45 ஆர் 17-இல் சாதாரண வகை என்றால் 84, 500 கிலோதான். அதிகச் சுமைக்கென்று வலுப்படுத்திய எக்ஸ்எல் வகையைத் தேடி வாங்கினால் மறுபடி 88 கிடைக்கும். ஆனால் அதற்குக் காற்றும் கூடுதலாக வைக்க வேண்டும். அகலம் கூடியதைப் பார்த்து டயர் பலசாலி ஆகிவிட்டது என்று எல்லோரும் நினைக்கிறார்கள். அளவு நாடாவுக்கு அகலம் தெரியும், சுமை தெரியாது.

ஓட்டும் சுகத்தைப் பற்றி நேர்மையாகச் சொல்ல வேண்டும். குட்டைப் பக்கச்சுவர் வளைவில் நெளியாது. ஸ்டியரிங் திருப்பிய மறுகணம் வண்டி திரும்பும். நல்ல தேசிய நெடுஞ்சாலையில் அந்தத் துல்லியம் சந்தோஷம் தரும். பிரேக்கிலும் காய்ந்த சாலையில் பிடிப்பு கூடலாம். கூடவே வருவது இது: பெரிய அலாய் வீல் பல சமயம் சின்ன இரும்பு ரிம்மை விடக் கனம், அந்தக் கனமும் அச்சிலிருந்து தள்ளி விளிம்பில் உட்காருகிறது. சுழற்றவும் நிறுத்தவும் எஞ்சினும் பிரேக்கும் அதிகம் உழைக்க வேண்டும். ஸ்பிரிங்குக்குக் கீழே தொங்கும் எடை கூடினால் கரடுமுரடான சாலையில் டயர் தரையை விட்டுத் துள்ளும். மழையிலோ, அகல டயர் தண்ணீரைக் கிழித்துப் போவதற்குப் பதில் அதன்மேல் ஏறி வழுக்கத் தயாராகிறது. ஆடி ஆவணியில் ஹாஜ்ரா நாற்சந்தியில் முழங்கால் நீரில் நிற்கும் ஊர் இது. ஒல்லி டயர் அங்கே கெட்டிக்காரன்.

ரிம்மின் ஆஃப்செட் என்று ஒன்று உண்டு. சக்கரம் அச்சில் எவ்வளவு உள்ளே, எவ்வளவு வெளியே உட்கார வேண்டும் என்ற அளவு. வண்டி அகலமாகத் தெரிய வேண்டுமென்று சக்கரத்தை வெளியே தள்ளிப் பொருத்தினால் நெம்புகோல் நீண்டு, பேரிங்குக்குப் பாரம் கூடும். குழியில் இறங்கும்போது ஸ்டியரிங் கையைப் பிடித்து இழுக்கும். சர்வே வேலையில் நான் பார்த்த பல வண்டிகளில் கோளாறு அளவில் இல்லை, இந்த ஆஃப்செட்டில் இருந்தது.

பேசிக்கொண்டேயிருந்தால் எல்லாம் தாளோடு நின்றுவிடும் என்று அவனைத் தெருமுனை டயர் கடைக்குக் கூட்டிப் போனேன். மிஸ்திரி ஒரு காரின் 17 அங்குல வீலைக் கழற்றி வைத்திருந்தார். பக்கச்சுவரில் ஓரிடத்தில் நெல்லிக்காய் அளவு புடைத்திருந்தது. கட்டைவிரலால் அழுத்தினால் மெத்தென்று உள்ளே போய் மறுபடி எழுந்தது. குழியின் விளிம்புக்கும் ரிம்முக்கும் நடுவே ரப்பர் நசுங்கி, உள்ளே இருக்கும் நூல் இழைகள் அறுந்து, காற்று வெளித்தோலைத் தள்ளிக்கொண்டிருந்தது. அதற்கு ஒட்டு கிடையாது, டயரையே மாற்ற வேண்டும். பிறகு மிஸ்திரி ரிம்மின் உள்விளிம்பில் சோப்புத் தண்ணீரைத் துணியால் தடவினார். கண்ணுக்குக் கீறலே தெரியாத இடத்தில் மயிரிழை போல ஒரு வரிசைக் குமிழ்கள் கிளம்பின. இரும்பு ரிம் என்றால் நெளியும், சுத்தியலால் தட்டி ஓரளவு நிமிர்த்திவிடுவார்கள். வார்த்த அலாய் விரிசல் விட்டால் அப்படி இல்லை. பையன் குனிந்து அந்தக் குமிழ்களை ரொம்ப நேரம் பார்த்தான். நான் அப்போது எதுவும் சொல்லவில்லை.

வாழ்க்கையில் மாறுதல் வேண்டாம் என்று சொல்லும் கிழவர்கள் கூட்டத்தில் நான் சேர மாட்டேன். காவிரிக்கரையிலிருந்து வந்த என் குடும்பமே மாறித்தான் இங்கே வேர் பிடித்தது. மாடிப்படியில் மீன் குழம்பு வாசனை, வீட்டுக்கு வெளியே வங்காளம், பிள்ளைகளுக்கு ரவீந்திர சங்கீதம். காப்பிப் பொடிக்கும் கறிவேப்பிலைக்கும் மட்டும் லேக் மார்க்கெட். ஆனால் ஊரிலிருக்கும் பெரியவர்களுக்கு மாதம் பிறந்ததும் பணம் போக வேண்டும், வீட்டுக்குள் தமிழ் பேச வேண்டும் என்ற இரண்டை என் அம்மா மாற விடவில்லை. அந்த இரண்டும் நின்றதால் மற்றதெல்லாம் கவலையின்றி மாறியது. எதை மாற்றப் போகிறோம் என்பதற்கு முன்னால், எது மாறக் கூடாது என்று முடிவு செய்துகொள்ளச் சொல்கிறேன், அவ்வளவுதான். காரில் அது வெளிச்சுற்றும் வண்டிக்கு வேண்டிய சுமைத் திறனும். நல்ல சம்பளத்துக்காக ஊர் மாறுகிறவனுக்கும், பெரிய வீட்டுக்காகக் கடன் வாங்குகிறவனுக்கும் அவரவர் எண் ஒன்று இருக்கும். அதை எழுதி வைக்காமல் ஆரம்பிப்பதால்தான் பாரம், பேசத் தெரியாத யார் தலையிலோ போய் இறங்குகிறது. பெரும்பாலும் வீட்டிலிருக்கும் அம்மா தலையில்.

அப்படி முதலில் முடிவு செய்துகொண்டவர்களுக்கு ஓர் உதாரணம் உண்டு. எங்கள் பேட்டையின் வடக்கு ஓரம், எல்ஜின் சாலை நேதாஜி பவன் வீட்டில் ஒரு வாண்டரர் கார் நிற்கிறது. 1941 ஜனவரி 16-ஆம் தேதி இரவு, நள்ளிரவைத் தாண்டிய நேரத்தில் சுபாஷ் சந்திர போஸை ஏற்றிக்கொண்டு அண்ணன் மகன் சிசிர் ஓட்டிப் போன வண்டி. கோமோ ரயில் நிலையம் வரை போனது. வீட்டில் அதைவிடப் பெரிய ஸ்டூடிபேக்கர் இருந்தது. ஆனால் அது ஊருக்கே தெரிந்த வண்டி. கண்ணில் படாத வாண்டரரைத் தேர்ந்தெடுத்ததோடு சிசிர் நிற்கவில்லை. 1940 கிறிஸ்துமஸ் சமயத்தில் பர்த்வான் வரை ஓட்டிப் போய்த் திரும்பி, வண்டி தாங்குமா, தான் தாங்குவேனா என்று பார்த்துக்கொண்டார். புதுப்பித்த அந்தக் காரை 2017 ஜனவரியில் குடியரசுத் தலைவர் பிரணாப் முகர்ஜி திறந்து வைத்தார். பையனை அங்கேயும் கூட்டிப் போனேன். எந்தச் சாலையில், எதற்காகப் போகிறோம் என்று முதலில் கேட்டுவிட்டு வண்டியைப் பார்த்த மனிதர்கள் அவர்கள். அவர்களை எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

சட்டத்தையும் சொல்லிவிட வேண்டும். பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. எனவே உங்கள் வண்டிக்குத் தயாரிப்பாளர் என்னென்ன அளவுகளை அனுமதித்திருக்கிறார் என்று கையேட்டில் பார்ப்பது முதல் வேலை. மாற்றியதை இன்சூரன்ஸ் கம்பெனிக்கு எழுத்தில் தெரிவிப்பது இரண்டாவது. விபத்துக்குப் பிறகு சர்வேயர் வந்து நிற்கும்போது சொல்லிப் பயனில்லை.

பையன் 16 அங்குலத்துக்கு இறங்கி வந்தான். நான் வற்புறுத்தவில்லை. 195/55, சுமை எண் 87, அதாவது 545 கிலோ. பழைய 88-ஐ விட ஒரு படி குறைவுதான், வண்டிக்கு அது போதும் என்று கையேட்டோடு ஒப்பிட்டுப் பார்த்து, தயாரிப்பாளர் சொன்ன ஆஃப்செட்டிலேயே ரிம் வாங்கினான். டயரில் தயாரித்த வாரமும் வருஷமும் நாலு இலக்கமாக இருக்கும் என்று சொல்லியிருந்தேன். கடையில் ஒவ்வொரு டயரையும் உருட்டி அதைப் படித்த பிறகுதான் காசு கொடுத்தான். டிக்கியில் பழைய 15 அங்குல ஸ்டெப்னி அப்படியே இருக்கிறது. வெளிச்சுற்று ஒன்றே என்பதால் பஞ்சரானால் மெதுவாக ஓட்டிக் கடை வரை போகலாம். ஆனால் அலாய் வீலோடு வந்த நட்டு இரும்பு ரிம்மில் சரியாக உட்காராமல் போகலாம். அதனால் பழைய நட்டுகளை ஒரு பையில் போட்டு ஸ்டெப்னியோடு வைக்கச் சொன்னேன். நூறு கிலோமீட்டர் ஓடியதும் புது நட்டுகளை மறுபடி முறுக்கிப் பார்க்க வேண்டும். நேற்று டயமண்ட் ஹார்பர் வரை போய் வந்தான். இன்று காலை ஸ்பேனரோடு கீழே இறங்கினான், அவன் அப்பா டார்ச் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார்.