நீர்மட்டம் போடுகிற பக்கம்

கம்பம் பள்ளத்தாக்கில் வெளிவரும் ஒரு வாரப் பத்திரிகைக்கு இணையதளம் கட்டும் வேலையை இரண்டு பேரிடம் கற்றுக்கொண்டேன். ஒருவர் ஆசிரியர். இன்னொருவர், பல வருடங்களாகப் பேஜ்மேக்கரில் பக்கம் கட்டிவரும் டிடிபி அக்கா. சேர்ந்ததும் ஆசிரியர் கேட்டார்: "காலையில எந்திரிச்சதும் நம்ம ஊர்க்காரன் எதைத் தெரிஞ்சுக்க போனை எடுக்கிறான், சொல்லும்மா."

இந்தப் பக்கத்தில் பிறந்த யாரும் யோசிக்காமல் சொல்லிவிடுவார்கள். முல்லைப் பெரியாறு அணை எத்தனை அடி, வைகை அணை எத்தனை அடி, போடி ஏலத்தில் ஏலக்காய் என்ன விலை. இங்கே 14,707 ஏக்கர் இருபோக நெல் பெரியாற்றுத் தண்ணீரை நம்பி இருக்கிறது. 142 அடி வரை தேக்கலாம் என்று 2014-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னதிலிருந்து டீக்கடைப் பேச்சே அந்த எண்ணில்தான் தொடங்கும். வாரப் பத்திரிகையால் இதை அன்றன்று தர முடியாது, தளத்தால் முடியும். முகப்பின் உச்சியில் இரண்டு அணைகளின் நீர்மட்டம், அதன் கீழே ஏலக்காய் வரத்து, உச்ச விலை, சராசரி விலை. செய்தியெல்லாம் அதற்குப் பிறகுதான்.

கட்டுவதற்குப் பெரிய முதல் தேவைப்படவில்லை. வேர்ட்பிரஸ் இலவசம். டொமைனுக்கும் ஹோஸ்டிங்குக்கும் வருடத்துக்குச் சில ஆயிரம் ரூபாய். மலையில் எஸ்டேட் பக்கம் சிக்னல் மெலிவு என்பதால் படம் எதுவும் 100 கேபியைத் தாண்டக் கூடாது என்று வைத்துக்கொண்டோம்.

நேரம் தின்றது, தளத்தில் ஏற்ற எடுத்த பழைய இதழ்கள்தான். எல்லாம் பழைய எழுத்துருக்களில் அடித்தவை. அவற்றில் 'கொ' அடிக்க முதலில் கொம்பு, பிறகு 'க', பிறகு கால் என்று கண்ணுக்குத் தெரியும் வரிசையில் போட வேண்டும். யூனிகோடில் 'க' முன்னால் வரும், உயிர்க்குறி பின்னால். மாற்றும் மென்பொருள் இதைச் சரிசெய்துவிடும். அதற்குப் பிடிபடாதவற்றை அக்கா காட்டினார். கால் இருக்க வேண்டிய இடத்தில் 'ர', 'ஔ' வர வேண்டிய இடத்தில் 'ஒ'வும் 'ள'வும். தாளில் இரண்டும் ஒன்றாகவே தெரியும். தேடும்போது மட்டும் அந்தச் செய்தி அகப்படாது. ஒவ்வொரு பத்தியையும் விரல் வைத்துப் படிக்கச் சொல்லிக்கொடுத்தார். ஊர்ப் பெயர், ஆள் பெயர் வரும் இடங்களை இரண்டு முறை. ஒருவர் தன் தாத்தா பெயரைத் தேடும்போது அது கிடைக்க வேண்டும் என்பதில் அவருக்கு இருந்த அக்கறையை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

வருமானம் ஆசிரியரின் பாடம். கூகுள் 2018-லேயே ஆட்சென்ஸைத் தமிழுக்குத் திறந்துவிட்டது. ஆனால் அது பார்வைக் கணக்குக்குக் காசு தருவது. ஒரு தாலுகாவின் வாசகர்களை வைத்து அதில் ஹோஸ்டிங் செலவைத் தேற்றலாம், சம்பளம் தேறாது. அச்சுப் பத்திரிகையை யார் இதுவரை காப்பாற்றினார்களோ அவர்களிடம்தான் தளமும் போக வேண்டும் என்றார். கண்ணீர் அஞ்சலி, முதலாம் ஆண்டு நினைவஞ்சலி, கடைத் திறப்பு விழா, வக்கீல் அறிவிப்பு. நினைவஞ்சலியைத் தளத்திலும் போட்டால் திருப்பூரிலும் துபாயிலும் இருக்கும் பிள்ளைகள் வாட்ஸ்அப்பில் சொந்தங்களுக்கு அனுப்புவார்கள். அதற்குத் தனிக் கட்டணம். எத்தனை வருடம் அந்தப் பக்கம் இருக்கும் என்பதை ரசீதிலேயே எழுதிவிட வேண்டும். அச்சு விளம்பர இடத்துக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம், இணைய விளம்பரத்துக்கு 18 என்பதால் இரண்டையும் ஒரே வரியில் பில் போடக் கூடாது என்பதும் அவர் சொன்னதுதான்.

நீர்மட்டப் பக்கத்துக்கு மோட்டார் பம்ப் கடைக்காரர் ஒருவர் வருட விளம்பரம் தந்தார். விலைப் பக்கத்துக்கு ஏலக்காய் வியாபாரி ஒருவர் அதைவிடக் கூடுதலாகத் தர வந்தபோது ஆசிரியர் மறுத்துவிட்டார். "விலையைப் போடுற இடத்துல விலையால லாபம் பாக்குறவர் பேரு இருக்கக் கூடாதும்மா." இந்த வேலையில் நான் கற்றவற்றில் இதையே முதலாவதாக வைப்பேன். கட்டணப் பட்டியலில் அந்த இடத்துக்கு எதிரே 'விற்பனைக்கு இல்லை' என்று அச்சிட்டிருக்கிறோம்.

2021 தகவல் தொழில்நுட்ப விதிகளின்படி குறைதீர்க்கும் அலுவலரின் பெயரும் தொடர்பு விவரமும் தளத்தில் இருக்க வேண்டும். புகாருக்கு 15 நாளில் முடிவு சொல்ல வேண்டும். சிறிய பத்திரிகைக்கும் இது உண்டு. எங்கள் தளத்தில் அந்தப் பெயர் ஆசிரியருடையது.

இப்போது அச்சு இதழின் முதல் பக்கத்தில் யுபிஐ கியூஆர் கோடு போட்டு ஆண்டுச் சந்தா கேட்கிறோம். யாருக்கும் பக்கத்தைப் பூட்டவில்லை. முடிந்தவர் தரட்டும் என்பது ஏற்பாடு. அந்தப் பணத்தில் மீதிப் பழைய தொகுதிகளை ஸ்கேன் செய்யலாம் என்கிறார் அக்கா. நகர்மன்றக் கூட்டத்துக்கு மாதாமாதம் போய் உட்கார ஒரு பகுதிநேர நிருபர் வேண்டும் என்கிறார் ஆசிரியர். நான் ஆசிரியர் பக்கம். தொகுதிகள் இன்னும் சில வருடம் அலமாரியில் தாங்கும். இந்த மாதக் கூட்டத்தில் எந்தத் தெருவுக்குக் குடிநீர்க் குழாய், யாருக்கு டெண்டர் என்பதை யாரும் எழுதாமல் விட்டால், பின்னால் ஸ்கேன் செய்யவும் அது இருக்காது.