வாப்பாவின் மொறிஸ் மைனர்

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை காலை வாப்பாவின் மொறிஸ் மைனர் கிளம்ப மறுத்தது. ஸ்டார்ட்டர் பிடியை இழுத்தால் ஒரு சின்ன முனகல். அதற்கு மேல் ஒன்றுமில்லை.

"பெற்றரி போயிட்டு வாப்பா. புதுசு ஒண்டு வாங்குவம்" என்றான் மகன்.

பெற்றரி இரண்டு மாதத்துக்கு முன்தான் வாங்கியது. ஹெட்லைட்டைப் போடச் சொன்னேன். நன்றாக எரிந்தது. பிடியை இழுத்தபோதும் பெரிதாக மங்கவில்லை. பெற்றரியில் வலுவில்லை என்றால் அந்த நேரம் வெளிச்சம் செத்துப்போகும்.

"அப்ப பெற்றரியை விடு. இனி ஒண்டொண்டாப் பாப்பம்" என்றேன்.

இந்த 'ஒண்டொண்டாப் பாப்பம்' நான் ஆசிரியர் கலாசாலையில் படித்ததல்ல. 2006 இல் அது எனக்குத் தெரிந்திருக்கவுமில்லை.

வண்டி 1960 ஆம் ஆண்டுக்குரியது. 948 சிசி எஞ்சின். இங்கிலாந்தில் 1948 இல் தொடங்கி 1971 வரை பதினாறு லட்சத்துக்கு மேல் செய்தார்கள். அவற்றில் ஒன்று எப்படியோ கொட்டியாரக் குடாவின் உப்புக்காற்றைத் தின்ன மூதூருக்கு வந்து சேர்ந்தது. 2020 முதல் 2025 தொடக்கம் வரை வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டிருந்தபோது இந்தக் கிழட்டு வண்டிக்கும் விலை கேட்டு ஆட்கள் வந்தார்கள். நான் கொடுக்கவில்லை. கார்ப் பைத்தியம் என்று நினைத்திருப்பார்கள்.

2006 ஜூலைக் கடைசியில் வண்டி ஓட்டத்தில் லேசாக இடறியது. எனக்கு அப்போது 26 வயது, அதாவது எல்லாம் தெரிந்த வயது. டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றினேன். உள்ளேயிருந்த பொயின்ட்டை அரத்தால் உரசினேன், தகட்டை அப்படியும் இப்படியும் திருகினேன், பூட்டினேன். இடறல் நின்றது. வாப்பா முதுகில் தட்டிக்கொடுத்தார்.

ஆகஸ்ட் முதல் வாரம் மூதூரில் சண்டை மூண்டது. ஊர்ச்சனம் பாடசாலைகளிலும் பள்ளிவாசல்களிலும் ஒதுங்கியது. பிறகு கந்தளாயை நோக்கி நடக்கத் தொடங்கியது. அந்த நாட்களை எழுதக்கூடியவர்கள் எழுதியிருக்கிறார்கள். எனக்குச் சொல்ல இருப்பது காரைப் பற்றி மட்டும்.

மூத்தம்மாவுக்கு இடுப்புக்குக் கீழே அசைவில்லை. கார் இருக்கிறது என்ற தைரியத்தில்தான் கடைசிவரை வீட்டில் இருந்தோம். அவரைப் பின்சீற்றில் கிடத்திவிட்டு வாப்பா பிடியை இழுத்தார். எஞ்சின் சுற்றியது, பிடிக்கவில்லை. திரும்பத் திரும்ப இழுத்தே பெற்றரியைச் சாகடித்தோம். முன்பக்கம் கைக்கம்பியைக் கொளுவி நான் சுற்றினேன். உள்ளங்கைத் தோல் உரிந்தது. ஒரு பிளக்கைக் கழற்றிப் பொறி வருகிறதா என்று பார்க்க இருவருக்கும் தோன்றவில்லை. தலைக்கு மேலே ஷெல் போகும்போது யாருக்குத் தோன்றும் என்று பிறகு பலமுறை எனக்கு நானே சொல்லியிருக்கிறேன்.

மூத்தம்மாவைச் சைக்கிள் கரியரில் இருத்தி, உம்மாவின் சாரியால் கட்டி, தள்ளிக்கொண்டு நடந்தோம். கந்தளாய் முகாமில் பதினெட்டாம் நாள் அவர் மௌத்தானார்.

"பெற்றோல்தான் பிழை. மலிவாக் கிடைச்சுதெண்டு நான்தான் அடிச்சேன்" என்று வாப்பா சொல்லிக்கொண்டிருந்தார். வருகிறவர்களிடமெல்லாம் சொன்னார்.

2007 கடைசியில்தான் ஒரு மெக்கானிக் கிடைத்தார். சம்பூர்ப் பக்கத்தவர். அவரும் எங்களைப் போல ஊரைவிட்டு ஓடியவர்தான், கராஜை அப்படியே விட்டுவிட்டு வந்து கிளிவெட்டி முகாமில் இருந்தார். பழைய பெற்றோலை வடித்துப் புதிது ஊற்றச் சொன்னார். வேறு பெற்றரி பூட்டினார். நடந்ததைக் கேட்டுவிட்டு, "சுத்தினது, பிடிக்கேல்ல. அப்ப ரெண்டே கேள்விதான் மாஸ்டர். பெற்றோல் வருதா, பொறி வருதா" என்றார்.

சாவியைத் திருப்பியதும் பம்ப் டிக் டிக் என்று அடித்து நின்றது. பெற்றோல் வருகிறது. பிளக்கைக் கழற்றி எஞ்சினில் சாய்த்துச் சுற்றவிட்டார். பொறி இல்லை. பிறகு ஒரு சின்ன பல்ப்பில் இரண்டு வயர் கட்டி, ஒன்றைக் கொயிலில் டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போகிற முனையிலும் மற்றதை எஞ்சினிலும் வைத்தார். பொயின்ட் மூடும்போது பல்ப் அணைய வேண்டும், திறக்கும்போது எரிய வேண்டும். அது அணையவே இல்லை. மூடியைக் கழற்றி, உள்ளே விரலளவு நீளமான துணிசுற்றிய வயரை மெல்ல இழுத்தார். ரப்பர் போல நீண்டது. மேலே துணி முழுசாக இருந்தது, உள்ளே கம்பி அறுந்திருந்தது.

"இதை ஆரோ தொட்டிருக்கினம். தகட்டைத் திருகேக்க வயர் இறுகியிருக்கு." என் முகத்தைப் பார்த்தாரோ என்னவோ, "வயரும் கிழடுதான், எப்பவோ ஒருநாள் போயிருக்கும்" என்று சேர்த்துக்கொண்டார்.

வாப்பா தேநீரோடு பக்கத்தில் நின்றார். யார் தொட்டது என்று கேட்கவில்லை.

"அப்ப பெற்றோல் இல்லையா?" என்றுமட்டும் கேட்டார்.

நான் தலையைக் குனிந்து பிளக்கைத் துடைத்துக்கொண்டிருந்தேன். வாப்பா 2014 இல் மௌத்தாகும்வரை அதைப் பற்றிப் பேசவில்லை. நானும் பேசவில்லை. கார் ஓடியிருந்தாலும் அந்தப் பாதையில் எவ்வளவு தூரம் போயிருக்கும் என்பது வேறு கதை.

"வாப்பா, இது சுடுது" என்றான் மகன். சோக் கம்பியைத் தொட்டுப் பார்க்கச் சொல்லியிருந்தேன். எஞ்சினுக்கும் பொடிக்கும் நடுவே மின்சாரம் போய்வருகிற தடித்த எர்த் பட்டி கெட்டுப்போனால், அது மெலிந்த சோக் கம்பி வழியே ஓடப் பார்க்கும், கம்பி சூடேறும். கீழே குனிந்து பார்த்தோம். பட்டியின் முனை உப்பில் பச்சை பூத்து உதிர்ந்துகொண்டிருந்தது.

அவன் போல்ட்டைக் கழற்றி உப்புத்தாளால் தேய்க்கத் தொடங்கினான். "இதெல்லாம் ஆர் சொல்லித் தந்த?" என்று கேட்டான்.

சொன்னேன். மெக்கானிக்கை மட்டுமல்ல, அந்த ஜூலை மாதத்தையும் அரத்தையும் சேர்த்து. இதுவரை யாருக்கும் சொல்லாதது. அவன் நிமிரவில்லை, தேய்த்துக்கொண்டே இருந்தான். இரும்பு வெளுத்த பிறகு பட்டியைப் பூட்டி முறுக்கினான்.

"நான் இழுக்கவா வாப்பா?" என்றான்.