ஊசிக்கு முன் எடுத்த ரத்தம்

மெட்ஃபார்மின் மாத்திரை ஏஎம்பிகே என்ற புரதத்தைத் தட்டி எழுப்புகிறது. எழுந்த புரதம் சர்க்கரையை இறக்குகிறது. சர்க்கரை நோய் முகாம்களிலும் துண்டறிக்கைகளிலும் இந்தக் கதையைக் கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது. அம்மா பல வருடமாக அந்த மாத்திரையைத்தான் சாப்பிடுகிறாள். வேலை செய்கிறது, அதில் சந்தேகமில்லை. ஆனால் புரதம் எழுந்ததை யார் பார்த்தார்கள்?

திருவனந்தபுரத்தில் இப்படியொரு கேள்வியோடு போய் நிற்க இடத்துக்குப் பஞ்சமில்லை. ராஜீவ் காந்தி உயிர்த்தொழில்நுட்ப மையம், பூஜப்புரையில் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தின் ஆய்வுப் பிரிவு, விதுரையில் ஐசர் என்று எத்தனையோ இருக்கின்றன. எனக்கு அந்த அலைச்சல்கூட வேண்டியிருக்கவில்லை. என் அக்கா மகள் இந்த ஊர் ஆய்வுக்கூடம் ஒன்றில் ஏஎம்பிகேயை வைத்துத்தான் பிஎச்.டி. செய்கிறாள். மாதக் கடைசியில் கை இறுகும் வீடு மாதிரி, செல்லில் ஏடிபி என்ற ஆற்றல் மூலக்கூறு குறைந்து, அது செலவானபின் மிஞ்சும் ஏஎம்பி கூடும்போது இந்தப் புரதம் விழித்துக்கொள்ளும். கொழுப்பு சேர்க்கும் வேலையை நிறுத்தும், இருப்பதை எரித்துச் சமாளிக்கச் சொல்லும்.

"எழுந்துடுச்சுன்னு எப்படித் தெரியும்?" என்று அவளிடம் கேட்டேன்.

"பிளாட்ல, அதான் புரதங்களை எடைவாரியாப் பிரிச்சுக் காட்டுற படத்துல, கோடு மாதிரி பேண்ட் வரும் மாமா. அறுபத்திரண்டு கிலோ டால்டன் பக்கத்துல."

"அந்த பேண்ட் ஏஎம்பிகேதான்னு யார் சொன்னா?"

"ஆன்டிபாடி."

"ஆன்டிபாடி சரின்னு யார் சொன்னா?"

அவள் பதில் சொல்லாமல் ஃப்ரீசரிலிருந்து ஒரு குப்பியை எடுத்து ஐஸ் மேல் வைத்தாள். சுண்டுவிரல் நுனி அளவுதான் இருக்கும். உள்ளே நூறு மைக்ரோலிட்டர், அதாவது இரண்டு சொட்டு. விலை சில பத்தாயிரம் ரூபாய். லேபிளில் முயல், மோனோகுளோனல், பாஸ்போ திரியோனின் 172 என்று போட்டிருந்தது.

இந்த 172-க்கு ஒரு வரலாறு உண்டு. 1973-இல் அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தில் இரண்டு குழுக்கள் தனித்தனியாக ஒரு விசித்திரத்தைக் கவனித்தன. கொழுப்பமிலம் கட்டும் நொதியையும் கொலஸ்ட்ரால் கட்டும் நொதியையும் ஈரலில் எதுவோ முடக்குகிறது. இரண்டையும் முடக்குவது ஒரே புரதம்தான் என்று ஸ்காட்லாந்தில் டண்டி பல்கலைக்கழகத்தின் கிரகாம் ஹார்டி குழு 1987-இல் காட்டியது. அதன் சங்கிலியில் 172-ஆம் இடத்துத் திரியோனின் என்ற அமினோ அமிலத்தில் ஒரு பாஸ்பேட் ஒட்டினால் புரதம் விழிக்கிறது என்பதும் அதே குழு 1996-இல் கண்டதுதான். அக்கா மகளின் ஆன்டிபாடி அந்தப் பாஸ்பேட் ஒட்டிய இடத்தை மட்டும் பிடித்துக்கொள்ளவேண்டும். 'எழுந்தது' என்று ஒருவர் எழுதும்போது பெரும்பாலும் அவர் கையில் இருக்கும் சாட்சி இந்த இரண்டு சொட்டுதான்.

அப்படியானால் அந்த முயல் எது? கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் குதிரைக்குக் கொஞ்சம் கொஞ்சமாக விஷம் ஏற்றிப் பாம்புக்கடி மருந்து எடுத்ததைப் பெரியப்பா சொல்லிக் கேட்டு வளர்ந்தவன் நான். அந்த மருந்துக்கு ஒரு லாயம் இருந்தது, லாயத்தில் குதிரைகள் இருந்தன. இந்தக் குப்பிக்கும் ஓர் ஊரும் கூண்டும் இருக்கத்தானே வேண்டும் என்று தோன்றியது.

விற்ற நிறுவனத்துக்கு எழுதினேன். முயலுக்குச் செலுத்திய புரதத் துண்டின் அமினோ அமில வரிசை எது, எந்த முயல், எந்த வருடம் என்று கேட்டேன். வரிசை வணிக ரகசியம் என்று மரியாதையாகப் பதில் வந்தது. மீண்டும் கேட்டேன், அதே பதில். வேறு வழியில் துருவியபோது கொஞ்சம் பிடிபட்டது. ஒரே வகை ஆன்டிபாடியைத் தீராமல் சுரக்கும் செல்லை உருவாக்கும் வித்தையைக் கோலரும் மில்ஸ்டைனும் கேம்பிரிட்ஜில் 1975-இல் கண்டார்கள். அது எலிச் செல்லில். முயலுக்கு அது கைகூட இருபது வருடமானது. 1995-இல் சிகாகோ லயோலா பல்கலைக்கழகத்தின் கேதரின் நைட் குழு அதைச் சாதித்தது. இப்போது அந்த மரபணுவை மட்டும் எடுத்து வேறொரு செல்லில் வைத்து ஆன்டிபாடியை வடிக்கிறார்கள். இப்படித் தயாராகும் குப்பிக்கு முயலே வேண்டாம். முதல் முயல் எப்போதோ செத்திருக்கும்.

விட மனமில்லை. கரமனையில் ஒரு பெரியவர் இருக்கிறார், தக்கலைக்காரர், ஆய்வுக்கூட விலங்குக் கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். முயலிலிருந்து ஆன்டிபாடி எடுத்த கை அவருடையது. தேடிப்போய்த் திண்ணையில் உட்கார்ந்தேன். செய்முறையை அவர் அனுபவித்துச் சொன்னார். புரதத்தை எண்ணெயோடு சேர்த்து இரண்டு சிரிஞ்சுகளுக்கிடையே மாற்றி மாற்றித் தள்ளி வெள்ளையாகத் திரட்டவேண்டும். ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டால் கரையாமல் அப்படியே நிற்கவேண்டும். பரவினால் பக்குவம் வரவில்லை என்று அர்த்தம். தோலுக்கடியில் ஊசி, சில வாரம் கழித்து மறுபடி ஊசி. பிறகு காது ஓரத்து மயிரை மழித்து, காதுக்குச் சூடு காட்டி நரம்பு எழும்பியதும் ரத்தம் எடுப்பார்கள். உறைந்த ரத்தத்தை ராத்திரி முழுக்கக் குளிரில் வைத்தால் காலையில் வைக்கோல் நிறத்தில் சீரம் தெளிந்து நிற்கும். சின்னத் துண்டு புரதத்தை முயல் உடம்பு சட்டைசெய்யாது. அதற்காகக் கலிபோர்னியக் கடலில் வாழும் ஒருவகை நத்தையின் நீல ரத்தப் புரதத்தோடு கோத்துக் கொடுப்பது வழக்கம். இதைச் சொல்லும்போது அவர் முகம் மலர்ந்தது.

ஆனால் எந்த முயல் என்ற என் கேள்விக்கு மட்டும் அவர் பிடிகொடுக்கவே இல்லை. எப்படிக் கேட்டாலும் ஒரே இடத்துக்குத்தான் வந்தார்.

"முயலு எதுன்னு தேடி என்னத்துக்கு சாரே? முயலுக்கு முயலு ரத்தம் மாறும், பாத்துக்கிடுங்க. ஊசி போடுறதுக்கு முன்ன எடுத்த ரத்தம் வச்சிருக்காளான்னு கேளுங்க."

"அது எதுக்கு?"

"அதே முயலு, அதே காது. ஊசிக்கு முன்ன எடுத்த ரத்தத்திலயும் அந்தக் கோடு வந்துச்சுன்னா, நீங்க போட்ட ஊசிக்கும் கோட்டுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல. எங்க மேடம் மொதல்ல அதைத்தான் கேப்பாங்க."

மறுபடி போனபோதும் அதையேதான் சொன்னார். பிடிவாதம் என்று நினைத்திருந்தேன். திரும்பி வருகிற வழியில் கரமனைப் பாலத்தில்தான் எனக்கு அது உறைத்தது. நான் ஆன்டிபாடியின் பிறப்பைத் தேடுகிறேன். அவர் கேட்கச் சொல்வது, ஆள் இல்லாத இடத்தில் அது வாயை மூடிக்கொண்டிருக்கிறதா என்று.

அக்கா மகளிடம் போய்க் கேட்டேன், உன் குப்பிக்கு ஊசிக்கு முந்திய ரத்தம் எங்கே என்று. அவள் துள்ளி எழுந்தாள்.

"மோனோகுளோனலுக்கு அது கிடையாது மாமா. அதுக்குப் பதிலாதான் நாக்அவுட். ஏஎம்பிகேயே இல்லாத செல்."

அது சுலபமான வேலை இல்லை. புரதத்தின் வினையாற்றும் பகுதிக்கு ஆல்ஃபா 1, ஆல்ஃபா 2 என்று இரண்டு வடிவங்கள் உண்டு. ஒன்றை நீக்கினால் மற்றது அந்த இடத்தில் நின்றுகொள்ளும். இரண்டையும் நீக்கினால் எலி கருவிலேயே மடிந்துவிடும். அதனால் பாரிஸில் பெனுவா வியொலே குழுவினர் ஈரலில் மட்டும் இரண்டும் இல்லாத எலிகளை உருவாக்கினார்கள். அந்த எலிகளுக்கு மெட்ஃபார்மின் கொடுத்துப் பார்த்த முடிவு 2010-இல் வெளிவந்தது: ஏஎம்பிகே இல்லாத ஈரலிலும் மாத்திரை சர்க்கரையை இறக்கியது. 2001-இலிருந்து எல்லோரும் ஒப்பித்துவந்த கதையின் நடுத்தூண் அங்கே ஆடியது. அதற்காக ஏஎம்பிகேக்குப் பங்கே இல்லை என்றும் ஆகிவிடவில்லை. 2013-இல் வந்த இன்னொரு எலி ஆய்வு, ஈரலில் கொழுப்பு சேர்வதைக் குறைத்து இன்சுலினுக்கு உடம்பை இணங்கவைப்பதில் அதற்கு இடமுண்டு என்று காட்டியது. துண்டறிக்கை இவ்வளவையும் சொல்லாது; சொல்லவேண்டும் என்பது என் கட்சி.

எலி கிடக்கட்டும், குப்பிக்கு வருகிறேன். மான்ட்ரியாலை மையமாகக் கொண்ட ஒரு குழு 65 புரதங்களுக்காகக் கடையில் விற்கும் 614 ஆன்டிபாடிகளை இதே நாக்அவுட் முறையில் சோதித்து 2023-இல் முடிவை வெளியிட்டது. இலக்கையே பிடிக்காத ஆன்டிபாடிகளை நம்பி, புரதத்துக்குச் சராசரியாகப் பன்னிரண்டு கட்டுரைகள் வந்திருந்தன. ஒவ்வொரு கட்டுரைக்குப் பின்னாலும் ஓர் இளம் ஆய்வாளரின் வருடங்கள் இருக்கின்றன என்பதை நினைத்தால் நெஞ்சு கனக்கிறது.

அக்கா மகள் கிரிஸ்பர் முறையில் ஆல்ஃபா 1, ஆல்ஃபா 2 இரண்டையும் நீக்கிய மனிதச் செல்களை வரவழைத்து, 172 குப்பியையும் ஆய்வுக்கூடத்தில் இருந்த இன்னொரு பழைய ஏஎம்பிகே ஆன்டிபாடிக் குப்பியையும் அவற்றில் ஓட்டினாள். பிளாட்டைக் காட்டினாள். எனக்குக் காட்டிய அந்த 172 குப்பி, சாதாரணச் செல் ஓடிய தடத்தில் தடித்த கோடு போட்டது. நாக்அவுட் தடத்தில் வெறும் சாம்பல் பின்னணிதான். பழைய குப்பி இரண்டு தடத்திலும் ஒரே மாதிரி கோடு போட்டது, அதே அறுபத்திரண்டுக்குப் பக்கத்தில். பழையதை வைத்து எடுத்த படங்களை ஆய்வேட்டிலிருந்து எடுத்துவிட்டாள். அதோடு விடவில்லை. ஏஎம்பிகே இல்லாத செல்லில் அந்த ஆன்டிபாடி எதைப் பிடித்தது என்று அறிய, பிடித்துவந்த புரதத்தை மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரிக்கு அனுப்பியிருக்கிறாள்.