தாளில் ஏறாத புகார்

ஏசி சரியாகக் குளிரவில்லை என்பதையும், ஓடும்போதே இன்ஜின் அணைந்துவிடுகிறது என்பதையும் சர்வீஸ் சென்டரில் ஒரே தாளில், ஒரே பேனாவால், ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதுகிறார்கள். முதலாவது எரிச்சல் தருகிற விஷயம். இரண்டாவது உயிரைப் பறிக்கிற விஷயம். ஜாப் கார்டில் இரண்டுக்கும் ஆளுக்கொரு வரிதான். கூட்டுறவு வங்கியில் வவுச்சரும் லெட்ஜருமாகக் காலம் தள்ளுகிற எனக்கு எழுத்தின் பலம் தெரியும். காருக்கும் அதே கணக்குதான் என்பதை ஒரு கோடைக்காலம் கற்றுக்கொடுத்தது.

வீடு ஸ்ரீரங்கத்தில், வேலை தஞ்சாவூரில். பஸ்ஸில் போய்வந்து இடுப்பு விட்டுப்போன பிறகு ஒரு பழைய செடான் வாங்கினேன். நாலு வருடம் ஓடிய பெட்ரோல் வண்டி. சீட் சுத்தம், இன்ஜின் சத்தமே இல்லை, டிக்கியில் ஒரு குடும்பத்தின் சாமான் அடங்கும். ஆர்.சி., இன்சூரன்ஸ் எல்லாம் சரியாக இருந்தன. சர்வீஸ் பில் மட்டும் இரண்டே இரண்டு. கம்பெனியின் பெயர் இங்கே வேண்டாம். நான் சொல்ல வருவது எல்லாக் கம்பெனிக்கும் பொருந்தும்.

முதல் தடவை செங்கிப்பட்டிக்கு அருகே நடந்தது. சித்திரை வெயில், ஏசி ஓடுகிறது, முன்னால் வைக்கோல் ஏற்றிய லாரி. வேகத்தைக் குறைத்து மறுபடி ஆக்சிலேட்டரை மிதித்தேன், பதில் இல்லை. டேஷ்போர்டில் விளக்குகள் வரிசையாக எரிந்தன. ஸ்டீயரிங் இறுகிவிட்டது. பிரேக் ஒரு தடவை ஒழுங்காகப் பிடித்தது, அடுத்த தடவை பெடல் காலை எதிர்த்தது. பின்னால் வந்த பஸ் ஹாரன் அடித்துக்கொண்டே விலகிப் போனது. எப்படியோ மண் பாதையில் இறக்கி நிறுத்தினேன். கொஞ்ச நேரம் கழித்துச் சாவியைத் திருப்பினால், ஒன்றுமே நடக்காதது மாதிரி ஸ்டார்ட் ஆனது.

அன்று ஏன் அப்படியெல்லாம் ஆனது என்பதைப் பிறகு தெரிந்துகொண்டேன். பிரேக் பெடலை நாம் மிதிக்கிற மிதியைப் பெருக்கிக் கொடுப்பது பூஸ்டர். பெட்ரோல் வண்டியில் அதற்கு வேண்டிய வெற்றிடத்தை ஓடுகிற இன்ஜின்தான் உண்டாக்குகிறது. இன்ஜின் நின்றால் சேமிப்பில் இருப்பது ஓரிரு மிதிக்கு மட்டும் வரும். அதனால் விட்டுவிட்டு மிதிக்கக் கூடாது. ஒரே அழுத்தாக அழுத்திப் பிடிக்க வேண்டும். பவர் ஸ்டீயரிங்கின் உதவி போனாலும் சக்கரம் திரும்பும், இரண்டு கையின் பலமும் வேண்டும், அவ்வளவுதான். நியூட்ரலுக்கு மாற்றி, நான்கு இண்டிகேட்டரையும் போட்டு இடப்பக்கம் ஒதுங்கலாம். பதற்றத்தில் சாவியை மட்டும் உருவிவிடக் கூடாது, ஸ்டீயரிங் பூட்டிக்கொள்ளும். டிரைவிங் ஸ்கூலில் எனக்கு எட்டு போடக் கற்றுக்கொடுத்தார்கள். இதை யாரும் சொல்லவில்லை.

சர்வீஸ் சென்டருக்குப் போனேன். அட்வைசர் மரியாதையான பையன். சொன்னதை முழுக்கக் கேட்டுவிட்டு, "மேடம், ஸ்லோ பண்ணும்போது கிளட்ச்சைச் சரியா மிதிக்கலைன்னாகூட ஆஃப் ஆகும்" என்றான். வண்டியை ராத்திரி அவர்களிடமே விட்டேன். மறுநாள் காலையில் ஓட்டிப் பார்த்திருக்கிறார்கள், நிற்கவில்லை. "ஸ்கேனர்ல கோட் எதுவும் வரல மேடம். த்ராட்டில் பாடி கிளீன் பண்ணி, பிளக் மாத்தியிருக்கோம்." பில்லோடு வந்த ஜாப் கார்டில், நான் கால்மணி நேரம் சொன்னது 'இன்ஜின் மிஸ்ஸிங், செக் செய்யவும்' என்று சுருங்கியிருந்தது.

அடுத்த வாரமே மறுபடி நின்றது. மறுபடி போனேன். மறுபடி கோட் வரவில்லை.

வீட்டில் இதை நான் சொல்லவில்லை. சொன்னால், "அப்ப பஸ்லயே போயேன், எதுக்கு வம்பு?" என்ற பதில் வரும் என்று தெரியும். அந்தக் காரால்தான் சாயங்காலம் ஆறரைக்கு வீட்டில் இருக்க முடிந்தது. அதை ஓட்டுவது எனக்குப் பிடித்துமிருந்தது. அந்தச் சுதந்திரத்தைக் காப்பாற்றப் பயத்தை மறைத்துக்கொண்டேன். மகன் கூட வருகிறேன் என்றால் சாக்குச் சொல்லித் தவிர்ப்பேன். லாரிகளுக்குப் பின்னாலேயே ஊர்ந்து போவேன். கிளட்ச் மேல் இருக்கும் இடது காலையே சந்தேகத்தோடு கவனிக்க ஆரம்பித்தேன். பெண் ஓட்டுகிற வண்டியில் கோளாறு வந்தால் முதலில் ஓட்டுகிறவளைத்தான் சோதிப்பார்கள் என்பது வெளியிலிருந்து மட்டும் வருகிற பேச்சு இல்லை. கொஞ்ச நாளில் நமக்குள்ளேயே குடியேறிவிடும்.

அந்தச் சந்தேகத்தை என்னைவிட்டு விரட்டியவர் ஒரு டிராவல்ஸ் டிரைவர். துவாக்குடி டோல்கேட் வரிசையில் ஊர்ந்துகொண்டிருந்தபோது வண்டி நின்றுவிட, ஓரமாகத் தள்ளிவிட உதவிக்கு வந்தார். பானட்டைத் தூக்கும்போதே சிரித்தார்.

"இந்த மாடலாக்கா? வெயில் ஏறினா நின்னுரும். கொஞ்ச நேரம் ஆற விடுங்க, எடுத்துக்கும். எங்ககிட்டயும் ஒண்ணு இருக்கு. நாங்க ஈரத்துணியைப் போட்டு ஓட்டிருவோம்."

"கம்பெனியில சொன்னீங்களா?"

"சொல்லி என்னக்கா ஆகப்போகுது? வண்டிய அங்க விட்டா அன்னைக்கு டிரிப்பு போயிரும்."

எனக்கு உடனே வந்தது நிம்மதி. தப்பு என் காலில் இல்லை. கொஞ்ச நேரத்தில் நிம்மதி போய்க் கோபம் வந்தது. ஸ்டாண்டில் நிற்கிறவர்களுக்கெல்லாம் தெரிந்த ஒரு குறை, தயாரித்தவர்களின் தாளில் ஏறவே இல்லை. ஈரத்துணி மருத்துவமாகப் புழங்கிக்கொண்டிருக்கிறது.

அந்த நாட்களில்தான் அமெரிக்காவில் நடந்த ஷெவர்லே கோபால்ட் விவகாரத்தைத் தேடித் தேடிப் படித்தேன். ஜெனரல் மோட்டார்ஸ் 2005 மாடலாகக் கொண்டுவந்த சின்னக் கார் அது. சாவி போடுகிற இக்னிஷன் சுவிட்சின் உள்ளே பிடிமானம் போதவில்லை. சாவிக்கொத்து கனமாக இருந்தாலோ முழங்கால் இடித்தாலோ சாவி தானாகப் பின்னுக்குத் திரும்பி இன்ஜின் அணைந்துவிடும். ஸ்டீயரிங், பிரேக் உதவி போவதோடு ஏர்பேக்கும் செயலிழந்துவிடும். வண்டி சந்தைக்கு வந்த காலத்திலேயே புகார்கள் வந்தன. ஆனால் ஓட்டத்தில் இன்ஜின் நிற்பதை அந்த நிறுவனம் பாதுகாப்புக் குறையாக எடுத்துக்கொள்ளவில்லை. வாடிக்கையாளரின் வசதி சார்ந்த குறை என்ற பட்டியலில் வைத்தது. சாவிக்கொத்தில் தேவையில்லாததைக் கழற்றிவிடச் சொல்லுங்கள் என்று டீலர்களுக்குச் சுற்றறிக்கை போனது. 2006-இல் சுவிட்சை ஓசைப்படாமல் மாற்றினார்கள். உதிரிபாக எண்ணை மாற்றவில்லை. அதனால் பின்னாளில் விபத்துகளை ஆராய்ந்தவர்களுக்குப் பழைய வண்டி ஏன் நிற்கிறது, புதியது ஏன் நிற்கவில்லை என்பது விளங்காமலே இருந்தது. வழக்கு ஒன்றுக்காக இரண்டு சுவிட்சுகளைப் பிரித்து அருகருகே வைத்துப் பார்த்தபோதுதான் குட்டு வெளிப்பட்டது.

2014 பிப்ரவரியில் தொடங்கி, இந்த சுவிட்சுக்காக உலகம் முழுக்கத் திரும்ப அழைக்கப்பட்டவை ஏறத்தாழ 26 லட்சம் வண்டிகள். இழப்பீட்டு நிதி ஒப்புக்கொண்ட சாவுகள் 124. அடுத்த ஆண்டு அரசின் குற்ற வழக்கை முடித்துக்கொள்ள நிறுவனம் 90 கோடி டாலர் கட்டியது. இத்தனைக்கும் நடுவே என்னை உலுக்கியது அந்தப் பட்டியல்தான். வசதிக் குறை என்ற தலைப்பின்கீழ் ஒரு புகார் விழுந்துவிட்டால், அதைச் சரிசெய்யும் செலவு கட்டுப்படியாகுமா என்ற கேள்வி எழுந்துவிடுகிறது. பாதுகாப்புக் குறை என்றால் அந்தக் கேள்விக்கே இடமில்லை. ஆட்கள் செத்தது சுவிட்சால் மட்டும் இல்லை, அது எந்தக் கட்டத்தில் எழுதப்பட்டது என்பதாலும்தான்.

அடுத்த முறை சர்வீஸ் சென்டரில் நான் வாயால் எதுவும் சொல்லவில்லை. வீட்டிலேயே எழுதிக்கொண்டு போனேன். ஒவ்வொரு தடவையும் எந்தத் தேதி, எத்தனை மணி, எந்த இடம், என்ன வேகம், எந்த கியர், கிளட்ச்சில் கால் இருந்ததா, ஏசி ஓடியதா, எவ்வளவு தூரம் ஓடிய பிறகு நின்றது, ஆறிக் கிளம்ப எவ்வளவு நேரம் ஆனது, எல்லாம் இருந்தது. கடைசி வரி: 'ஓட்டத்தில் இன்ஜின் அணைகிறது, ஸ்டீயரிங், பிரேக் உதவி போய்விடுகிறது, இது பாதுகாப்புக் குறை.' ஜாப் கார்டில் வாடிக்கையாளர் சொன்னதை எழுதுகிற இடத்தில் இதை அப்படியே ஏற்றி, என் தாளையும் பின்செய்து, நகலில் சீல் வைத்துத் தரச் சொன்னேன். பையன் தயங்கினான். "இவ்வளவு எழுத இடமில்ல மேடம்." மேனேஜர் வந்தார். கடைசி வரியைப் படித்துவிட்டு அவர் பேசிய தொனியே வேறாக இருந்தது.

பட்டியலாக எழுதியதில் எனக்கே ஒன்று புலப்பட்டது. காலையில் போகும்போது ஒருநாளும் நிற்கவில்லை. எல்லாமே வெயிலில், நீண்ட ஓட்டத்துக்குப் பிறகு, வேகம் குறைந்த இடத்தில். அவர்கள் சோதித்ததோ ராத்திரியெல்லாம் நிழலில் ஆறிக் கிடந்த வண்டியை, காலை நேரத்தில். காய்ச்சல் இறங்கிய வேளையாகப் பார்த்துத் தெர்மாமீட்டர் வைத்த கதைதான். மதியம் இரண்டு மணிக்கு டெக்னீஷியன் ஒருவரை ஸ்கேனரோடு பக்கத்தில் உட்காரவைத்து நானே ஓட்டினேன். பழைய கோட் இருக்கிறதா என்று தேடாமல், ஓடும்போதே எண்களைப் பார்த்துக்கொண்டு வந்தார். வல்லம் வரை போய்த் திரும்பி, டோல்கேட் நெரிசலில் ஊர்ந்தபோது வண்டி நின்றது. சக்கரம் உருண்டுகொண்டிருக்க, ஸ்கேனரில் இன்ஜின் சுற்று ஒரே தாவலில் பூஜ்யத்துக்கு விழுந்ததை அவர் கண்ணால் பார்த்தார். "கிராங்க் சென்சார்தான் மேடம்," என்றார்.

கிராங்க் ஷாஃப்ட்டோடு சுழலும் பல்சக்கரத்தைப் பார்த்து, இன்ஜின் இப்போது எந்த நிலையில் இருக்கிறது என்று கம்ப்யூட்டருக்குச் சொல்கிற விரலளவு உறுப்பு அது. அந்தத் தகவல் வராவிட்டால் எப்போது பெட்ரோல் பீய்ச்சுவது, எப்போது தீப்பொறி போடுவது என்று கம்ப்யூட்டருக்குத் தெரியாது, இரண்டையும் நிறுத்திவிடும். உள்ளே இருக்கிற மெல்லிய கம்பிச்சுருள் பழுதாகியிருந்தால் சூட்டில் தொடர்பு விட்டுப்போகும், ஆறினால் ஒட்டிக்கொள்ளும். ஈரத்துணி வேலை செய்ததன் ரகசியமும் அதுதான். புதிய சென்சார் மாட்டினார்கள். த்ராட்டில் பாடி, பிளக் என்று அதுவரை நான் அழுததைவிட விலை குறைவு. அதன் பிறகு என்னிடம் இருந்தவரை அந்த வண்டி ஓட்டத்தில் நிற்கவில்லை.

என் வண்டி சரியாகிவிட்டது. டிராவல்ஸ்காரரின் வண்டி? இந்தியாவில் 2012 முதல் குறைபாடுள்ள வண்டிகளை நிறுவனங்கள் தாமாக முன்வந்து திரும்ப அழைக்கும் ஏற்பாடு இருந்தது. 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 110ஏ பிரிவு, அதைக் கட்டாயமாக்கும் அதிகாரத்தை மத்திய அரசுக்குக் கொடுத்தது. ஓட்டுகிறவருக்கோ, உள்ளே இருப்பவருக்கோ, சாலையில் போகிறவருக்கோ ஆபத்தான குறையை, விதித்த விகிதத்தில் உரிமையாளர்கள் அரசிடம் தெரிவித்தால் அந்த ரக வண்டிகளைத் திரும்ப அழைக்க உத்தரவிடலாம். புகார் பதிய வாகன் என்ற அரசுத் தளத்தில் இடமும் இருக்கிறது. சட்டம் தலைகளை எண்ணுகிறது. ஈரத்துணி போட்டு ஓட்டுகிறவர் எவரும் அந்த எண்ணிக்கையில் வரமாட்டார். கம்பெனியின் வாடிக்கையாளர் பிரிவுக்கும் அரசுத் தளத்துக்கும் என் ஜாப் கார்டு நகலோடு எழுதினேன். கம்பெனியிலிருந்து வருத்தம் தெரிவித்து ஒரு பதில் வந்தது. ரீகால் எதுவும் வரவில்லை. ஆனாலும் ஒன்று என்ற எண் அங்கே ஏறியிருக்கிறது. டோல்கேட் பக்கம் அந்த டிரைவரை மறுபடி பார்த்தபோது சென்சார் விஷயத்தைச் சொல்லி, அவரையும் பதியச் சொன்னேன். சென்சாரை மாற்றிக்கொண்டார். பதிந்தாரா என்று கேட்டால் சிரிக்கிறார்.

வண்டியைப் பற்றி யாராவது புலம்பினால் இப்போது நான் முதலில் கேட்பது இவைதான்: நினைத்தபடி திருப்ப, நிறுத்த, ஓட்டிக்கொண்டு போக முடியாமல் போகிறதா? இடித்தால் காப்பாற்ற வேண்டியது காப்பாற்றாமல் போகுமா? தீப்பிடிக்குமா? இதில் ஒன்றுக்கு ஆமாம் என்றாலும் மைலேஜ், சத்தம், பெயிண்ட் பட்டியலோடு அதைக் கலக்காதீர்கள், தனியாக எழுதிக் கொடுங்கள் என்பேன். சீல் வைத்த நகல் கையில் இருந்தால் நுகர்வோர் ஆணையம் வரை போக வழியிருக்கிறது. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பேசும்போதும், "என்ன ஆதாரம் இருக்கிறது?" என்ற கேள்விக்கு நம்மிடம் பதில் இருக்கும்.

போன வருடம் அந்தக் காரை விற்றேன். புரோக்கர் என் ஃபைலைப் புரட்டிவிட்டு, "மேடம், இதைக் காட்டினா வண்டி போகாது. இன்சூரன்சும் ஆர்.சி.யும் போதும்" என்றார். அன்றிரவு அந்தத் தாள்களை உருவித் தனியே வைத்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். மகனின் காலேஜ் ஃபீஸ் கட்டுகிற மாதம் அது. எனக்கு விற்றவரும் இப்படி ஓர் இரவில் உட்கார்ந்துதான் இரண்டே பில்லை மிச்சம் வைத்தாரோ என்று தோன்றியது. காலையில் எல்லாவற்றையும் திரும்ப ஃபைலில் கோத்தேன்.

வாங்க வந்தவர் லால்குடிக்காரர், சின்ன வயது. ஃபைலில் சென்சார் பற்றிய தாளை வெகுநேரம் நின்று படித்தார். விலையைக் குறைத்துக் கேட்டார், கொடுத்தேன். ஃபைலை ஒப்படைக்கும்போது, ஆர்.சி.யில் பெயர் மாற்றத்தை மட்டும் தள்ளிப்போடாதீர்கள் என்று சொன்னேன். என்றைக்காவது ரீகால் அறிவிப்பு வந்தால், பதிவில் யார் பெயர் இருக்கிறதோ அந்த முகவரியைத்தான் தேடிப் போகும்.