கேரி தீவுப் பாலத்தில் கேட்ட ‘டொக்’

என் பிழைப்பே சத்தத்தோடுதான். காலை நிகழ்ச்சிக்கு ஒலிவாங்கியின் முன் உட்கார்ந்தால், விருந்தினரின் வளையல் மேசையில் உரசுவதுகூட எனக்குத் தொல்லையாகக் கேட்கும். அப்படிப்பட்டவளைப் பக்கத்து இருக்கையில் வைத்துக்கொண்டு, “காரில் எந்தச் சத்தமும் இல்ல” என்று இரண்டு மாதமாகச் சாதித்து வந்தார் என் அப்பா.

கார், 1996-இல் வாங்கிய புரோட்டோன் வீரா. வீட்டில் அதற்கு என் தம்பியைவிட வயது அதிகம். மாதத்தில் ஒரு சனிக்கிழமை பிரிக்பீல்ட்ஸிலிருந்து கேரி தீவுக்கு அதில்தான் போவோம். அப்பா பிறந்தது அங்கே, மேற்குத் தோட்டத்தில். அத்தை இன்னும் அங்கேயே இருக்கிறார். அந்தப் பயணத்துக்கு மட்டும் என் புதுக் காரை எடுக்க அப்பா சம்மதிப்பதில்லை. “தோட்டத்துச் சாலை இதுக்குப் பழக்கம்மா” என்பார்.

சத்தம் முன்பக்கம் இடது சக்கரத்தருகே. சின்னக் குழியில் இறங்கினால் ‘கடகட’, சில சமயம் அதற்கடியில் கனமாக ஒரு ‘டொக்’. நகரில் ஒரு பட்டறையில் காட்டினேன். காரை ஓட்டிப் பார்க்காமலேயே “அப்சோபர் போச்சு” என்றார்கள். இரண்டு அப்சோபரும் மாற்றினோம். 480 வெள்ளி. மறுநாள் காலையில் அதே கடகட, அதே டொக். அதன் பிறகுதான் நானே உட்கார்ந்து கேட்பது என்று முடிவு செய்தேன்.

பழைய காரின் சத்தத்தைக் கண்டுபிடிக்க முதலில் வானொலியை நிறுத்த வேண்டும். (என் நிலையத்தார் மன்னிக்கட்டும்.) பிறகு டேஷ்போர்டில் கிடக்கும் சில்லறை, பின்னால் உருளும் தண்ணீர்ப் போத்தல், பூட்டில் இருக்கும் ஜாக், எல்லாவற்றையும் வெளியே எடுத்து வைக்க வேண்டும். ‘சஸ்பென்ஷன் சத்தம்’ என்று பயந்த எத்தனையோ சத்தங்கள் அங்கேயே தீர்ந்துவிடும். எங்களுடையது தீரவில்லை.

அன்று கிளம்பும் முன் அடுக்குமாடியின் கார் நிறுத்துமிடத்தில் ஸ்டீரிங்கை முழுக்கத் திருப்பி மெல்ல வட்டமடிக்கச் சொன்னேன். டிரைவ் ஷாஃப்ட் மூட்டு தேய்ந்திருந்தால் இப்போது ‘டக் டக் டக்’ என்று வரிசையாகத் தட்டும். தட்டவில்லை. பெடரல் நெடுஞ்சாலையில் 90-இல் போனபோது சக்கர பேரிங்கைக் கவனித்தேன். அது கெட்டால் வேகத்தோடு ஏறும் ஒரு ஊளை வரும். வலப்பக்கம் வளையும்போது பாரம் இடது சக்கரத்தில் இறங்கும். ஊளை அப்போது கூடினால் இடது பேரிங்கைச் சந்தேகப்படலாம். அதுவும் இல்லை.

கிள்ளானைத் தாண்டிப் பந்திங் சாலையில் திரும்பியதும் விளையாட்டு சூடு பிடித்தது. ஒரு பள்ளி முன்னால் சாலைக்குக் குறுக்கே மேடு. இரண்டு முன்சக்கரமும் ஒன்றாக ஏறி இறங்கின, கடகட வரவில்லை. கொஞ்ச தூரத்தில் இடது சக்கரம் மட்டும் ஒரு குழியில் விழுந்தது, கடகட என்றது. இதற்குக் காரணம் உண்டு. இடது வலது சக்கரங்களை இணைக்கும் ஸ்டெபிலைசர் கம்பி, ஒரு சக்கரம் மட்டும் ஏறும்போதுதான் முறுக்கிக்கொள்ளும். இரண்டும் சேர்ந்து ஏறினால் அதற்கு வேலையே இல்லை. ஆகவே கடகட, அந்தக் கம்பியின் முனையில் இருக்கும் சின்ன லிங்கிலிருந்து வருகிறது. அது தேய்ந்தால் எரிச்சல்தான், ஆபத்து குறைவு. விலையும் குறைவு.

“பாத்தியா, சின்ன சாமான்தான்” என்றார் அப்பா. ஆனால் மேட்டில் இறங்கியபோது அந்த டொக் வந்ததே, அதைப் பற்றி அவர் பேசவில்லை.

தெலுக் பங்லிமா காராங் அருகே திரும்பினால் லங்காட் ஆற்றுப் பாலம். அதைக் கடந்தால் தீவு. கடற்கரைக் களிமண் இங்கே மெத்தை மாதிரி. பாலம் ஆழமாக இறக்கிய தூண்களின் மேல் அசையாமல் நிற்கும். அதைத் தொடும் சாலையோ மண்ணோடு மெல்லத் தாழும். அதனால்தான் இப்படிப்பட்ட இடங்களில் பாலத்தில் ஏறும்போதும் இறங்கும்போதும் ஒரு குதி குதிக்கிறோம். சத்தம் தேடுகிறவர்களுக்கு அது வரப்பிரசாதம். போதாததற்கு இடப்பக்கம் பாலத்தின் கைப்பிடிச் சுவர். திறந்த வெளியில் சக்கரத்தின் சத்தம் எங்கோ போய்விடும். பக்கத்தில் சுவர் இருந்தால் அதில் மோதித் திரும்பி நம் காதுக்கே வரும். இடது கண்ணாடியை முழுக்க இறக்கித் தலையை வெளியே நீட்டாத குறையாகக் கேட்டேன். கடகட இல்லாத இடத்திலும் ‘டொக்’. லேசாக பிரேக் பிடித்தால் ‘டொக்’. இது லிங்க் இல்லை. எனக்கு வயிறு கொஞ்சம் கலங்கியது.

பாலம் இறங்கியதும் செம்பனைதான், கண்ணுக்கு எட்டிய வரை. எட்வர்ட் வேலன்டைன் ஜான் கேரி என்ற ஆங்கிலேயத் தோட்டக்காரரின் பெயர்தான் தீவுக்கு. அவர் வருவதற்கு வெகுகாலம் முன்பே இங்கே வாழ்ந்தவர்கள் மா மெரி மக்கள். சதுப்புநில மரமான நீரே பத்துவில் அவர்கள் செதுக்கும் முகமூடிகளை சுங்கை பும்பூன் கம்பத்தில் பார்க்கலாம். ஆண்டுக்கு ஒருமுறை முன்னோர்களுக்காக எடுக்கும் ஹரி மோயாங் விழாவில் அந்த முகமூடிகள் ஆடும். குடும்பத்தோடு போகிறவர்கள் கடல் உணவுக் கடைக்கு மட்டும் போய்த் திரும்பிவிடாதீர்கள்.

அப்பாவுக்கு இந்தத் தீவு வேறு. கடல் ஏறினால் வயல்மட்டத்துக்கு மேலே தண்ணீர் நிற்கும். அதைத் தடுக்கும் கரையில் அவரும் அத்தையும் நண்டு பிடித்திருக்கிறார்கள். தாத்தா காலத்துக் கம்பெனி கோல்டன் ஹோப். அது 2007-இல் சைம் டார்பியோடு சேர்ந்தது. 2024 முதல் பெயர் எஸ்டி கத்ரி. அப்பா இன்றும் ‘கோல்டன் ஹோப் ரோடு’ என்றுதான் சொல்வார். அப்பா படித்த தோட்டத் தமிழ்ப்பள்ளியைக் கடக்கும்போது வழக்கம்போல வேகத்தைக் குறைத்தார். வழக்கம்போல ஒன்றும் சொல்லவில்லை.

அத்தை வீட்டு வாசலில், சாப்பாட்டுக்கு முன்பே ஜாக்கை எடுக்கச் சொன்னேன். சிமெண்ட் தரை, கைபிரேக், பின்சக்கரத்துக்கு இரண்டு செங்கல். ஜாக் மட்டும் தாங்கும் காருக்கு அடியில் தலையையோ கையையோ விடவே கூடாது. நாங்கள் சக்கரத்தைத் தவிர எதையும் தொடவில்லை. கடிகார முகமாகச் சக்கரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். 3 மணியிலும் 9 மணியிலும் பிடித்து ஆட்டினால், ஆட்டம் இருந்தால் டை ராட் முனையைப் பார்க்க வேண்டும். 12-லும் 6-லும் பிடித்து ஆட்டினால் பேரிங் அல்லது பால் ஜாயிண்ட்.

3–9 இறுக்கமாக இருந்தது. 12–6 ஆடியது. அத்தையைக் காருக்குள் உட்கார வைத்து பிரேக்கை மிதிக்கச் சொன்னேன். பேரிங் என்றால் பிரேக் பிடித்ததும் ஆட்டம் குறையும். குறையவில்லை.

“நீங்க பிடிச்சுப் பாருங்கப்பா.”

அவர் குனிந்து இரண்டு கையாலும் பிடித்தார். ஆட்டினார். மறுபடி ஆட்டினார். கையில் அவருக்கு நன்றாகவே தெரிந்தது. எழுந்து வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டார்.

தெலுக் பங்லிமா காராங்கிலிருந்து ஒரு போர்மேன் மோட்டார் சைக்கிளில் வந்தார். என் வயதிருக்கும். முறையான ஸ்டாண்டு கொடுத்து, ஒரு இரும்புக் கம்பியை லோவர் ஆர்முக்கு இடையில் விட்டு நெம்பிக் காட்டினார். கிண்ணத்துக்குள் குண்டு போல இருக்கும் மூட்டு அது. மேலே மூடிய ரப்பர் உறை கிழிந்து, கிரீஸ் போய், தண்ணீரும் மண்ணும் புகுந்து துருப்பிடித்திருந்தது.

“அங்கள், இத ஓட்டாதீங்க. குண்டு கழண்டு வந்தா சக்கரம் வெளிய மடிஞ்சிடும். ஸ்டீரிங் உங்க கையில இருக்காது.”

“மெதுவா கிள்ளான் வரைக்கும்…”

“பாலம் இருக்குல்ல அங்கள்.”

இழுவை லாரிக்குச் சொன்னோம். காத்திருந்த இரண்டு மணி நேரமும் அத்தை வைத்த நண்டுக் குழம்பில் போனது. அப்பா வழக்கமாக மூன்று தடவை சோறு கேட்பார். அன்று ஒரு தடவைதான்.

வாசலில் உட்கார்ந்திருந்தபோது கேட்டார். “உனக்கு எத்தனை நாளா கேக்குது?”

“ரெண்டு மாசமாப்பா. பாலத்துல ரொம்ப நல்லா கேட்டுச்சே.”

“எனக்கு ஒரு நாளும் கேக்கல.”

நான் இரண்டு மாதமாக அவர் பிடிவாதத்தோடு சண்டை போட்டிருக்கிறேன். தொலைக்காட்சியின் சத்தம் வீட்டில் ஏன் கூடிக்கொண்டே வந்தது, தொலைபேசியில் தம்பி பேசினால் ஏன் என்னிடம் கொடுத்துவிடுகிறார் என்றெல்லாம் யோசிக்கவே இல்லை. சத்தத்தை வைத்துச் சம்பாதிக்கிறவள் நான்.

லோவர் ஆர்ம், பால் ஜாயிண்ட்டோடு சேர்த்து ஒரே சாமானாக இடது வலது இரண்டும் மாற்றினோம், கூடவே லிங்குகள். அலைன்மெண்டும் செய்தாயிற்று. எல்லாம் சேர்த்து அப்சோபருக்குக் கொடுத்ததைவிடக் குறைவு. அந்த வாரமே பாலத்தில் கண்ணாடியை இறக்கிவிட்டு இரண்டு முறை போய் வந்தேன். டயர் சத்தம் மட்டும்தான்.

அப்பாவுக்கு வரும் வியாழக்கிழமை காலை 10 மணிக்குக் காது பரிசோதனை. நானும் போகிறேன். கார் அவர்தான் ஓட்டுகிறார்.